பருவ இறுதிக் கடிதம்: பிள்ளைகளின் துணிப்பைகள் பற்றிச் சில வார்த்தைகள்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். இந்தப் பருவம் நல்லபடியாக நிறைவடைகிறது. தேர்வுகள் முடிந்து விடைத்தாள்களும் கைக்கு வந்துவிட்டன. விளையாட்டு விழாவில் எல்லா வகுப்பினரும் உற்சாகமாகக் கலந்துகொண்டார்கள். அறிவியல் கண்காட்சி சிறப்பாக நடந்தது. நூலகத்திலிருந்து இரவல் போன புத்தகங்களில் பெரும்பாலானவை திரும்பிவிட்டன, மிச்சத்தையும் எதிர்பார்க்கிறோம். பாட்டு, பேச்சு, ஓவியப் போட்டிகளில் பரிசு பெற்றவர்களுக்கும் பெறாதவர்களுக்கும் பாராட்டுகள்.

எட்டாம், ஒன்பதாம் வகுப்பு மாணவர்களின் தொழில்முனைவுத் திட்டமும் இந்தப் பருவத்தில்தான் நடந்தது. திரும்பத் திரும்பப் பயன்படுத்தக்கூடிய கடைப்பையை நான்கு குழுக்கள் யோசித்து, வெட்டி, தைத்து, விற்றன. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது.

விற்பனை நாளன்று மேசைக்கு வந்தவை 140 பைகள். பள்ளியில் உள்ள தையல் மெஷின்கள் மூன்று. வாரத்துக்கு இரண்டு பாடவேளை, ஒவ்வொன்றும் 40 நிமிடம். மூன்று மெஷினுக்கும் சேர்த்து வாரத்துக்கு 240 நிமிடம். கை பழகிய மாணவருக்கே ஒரு பை தைக்க 25 நிமிடம் ஆகிறது. திட்டம் நடந்த ஆறு வாரமும் ஒரு நிமிடம் வீணாகாமல் தைத்தாலும் 57 பைக்கு மேல் வராது. மீதி 83 பை எங்கே தைக்கப்பட்டது என்பதைக் கணக்கில் சுமாரான பிள்ளையும் சொல்லிவிடும். துணியின் ஓரம் பிரியாமல் நூலால் சுற்றித் தைக்கும் ஓவர்லாக் மெஷின் பள்ளியில் கிடையாது. மேசையிலிருந்த பல பைகளின் உள்தையலோ கச்சிதமான ஓவர்லாக்.

முதலில் எங்கள் பங்கைச் சொல்லிவிடுகிறோம். குழுவுக்கு 50 பை என்று இலக்கு வைத்தது பள்ளிதான். மேலே உள்ள கணக்கை இலக்கு வைப்பதற்கு முன்பே நாங்கள் போட்டிருக்க வேண்டும். நடக்க முடியாத இலக்கைப் பிள்ளைகள் வீட்டுக்குக் கொண்டுவந்து கலங்கி நிற்கும்போது, பெற்றவர்கள் கையைக் கட்டிக்கொண்டு பார்த்திருக்க முடியாது. இரவு கண்விழித்துத் தைத்தவர்களும் தெரிந்த தையல்காரரிடம் கொடுத்து வாங்கியவர்களும் அன்பினால்தான் அப்படிச் செய்தீர்கள். அதில் எங்களுக்குச் சந்தேகமே இல்லை.

ஆனால் அந்த 83 பைகளோடு சேர்ந்து பிள்ளைகளின் கையை விட்டு என்ன போயிற்று என்பதையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஒரு குழு முழுப் பையையும் தானே செய்தது. 200 ஜி.எஸ்.எம் (சதுர மீட்டருக்கு 200 கிராம்) காடாத் துணி, அகலம் 122 செ.மீ. முடிந்த பை 38 செ.மீ அகலம், 40 செ.மீ உயரம். அடியில் தையல் வராமல் ஒரே துண்டாக மடிப்பதென்று முடிவு செய்தார்கள். சுமை விழும் இடத்தில் தையல் இல்லாமலிருப்பது நல்லதுதான். பக்கத் தையலுக்கு இருபுறமும் 1.5 செ.மீ, பையின் வாயை மடித்துத் தைக்கும் வாய்ப்பட்டிக்கு ஒவ்வொரு முனையிலும் 4 செ.மீ. ஆகவே வெட்ட வேண்டிய துண்டு 41-க்கு 88. இரு கரையிலும் 1 செ.மீ தள்ளினால் துணியில் 120 செ.மீ கிடைக்கும். இரண்டு பைத் துண்டுகளுக்கு 82 போக மீதி 38. அதில் 9 செ.மீ அகலமும் 66 செ.மீ நீளமுமாக நான்கு கைப்பிடிப் பட்டைகள். ஒவ்வொரு 88 செ.மீ துணிக்கும் இரண்டு பை. அகலவாக்கில் விரல் அகலத்துக்குத்தான் கழிவு. தாளில் வரைந்தபோது மிக அழகாக இருந்தது.

பிறகு துணியை நனைத்துக் காயவைத்தார்கள். கஞ்சி போகாத பருத்தித் துணி முதல் சலவையில் நீளவாக்கில் 5 சதவீதமோ அதற்கு மேலுமோ சுருங்கலாம், அகலத்திலும் கொஞ்சம் போகும். 122 இருந்தது 118 ஆயிற்று. கரை போக 116. நான்காவது கைப்பிடிக்கு இடமில்லை. ஒரு பாடவேளை முழுக்க அந்தத் துணியைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். பட்டையை 8.5 செ.மீ ஆக்கினால் நான்கும் சேர்ந்து 34, பைத் துண்டுகளோடு 116, சரியாகப் பொருந்துகிறது என்று ஒரு மாணவி கண்டுபிடித்தாள். நான்காக மடித்தால் கைப்பிடி 2 செ.மீக்குச் சற்று மேல் வரும், தோளை அறுக்காது. பட்டைகளுக்குக் கீழே மிஞ்சிய 34-க்கு 22 துண்டை இரண்டாக்கி, பைக்கு ஒரு உள்பாக்கெட் வைத்தார்கள். அந்தப் பாக்கெட்டுக்குள்ளேயே பை முழுவதும் மடிந்து அடங்குகிறது. எடை சுமார் 100 கிராம்.

நனைக்காமல் வெட்டிய துணியில் பை கொண்டுவந்த குழுவும் உண்டு. அவர்கள் பை வாங்கியவர் வீட்டில் போய்ச் சுருங்கும். அது அவர்களுக்குத் தெரியவே வராது, ஏனென்றால் வெட்டியது அவர்கள் இல்லை.

அடுத்தது கைப்பிடி. பை கெடுவது பெரும்பாலும் அங்கேதான். பட்டையின் நுனி 3 செ.மீ வாய்ப்பட்டிக்குள் போக வேண்டும். அங்கே ஒரு சதுரத் தையல், சதுரத்துக்குள் பெருக்கல் குறி. வெறும் ஒருவரித் தையலில் நிறுத்தினால் சுமை முழுதும் அந்த ஒரு வரியில் தொங்கும். தையலை நெருக்கினால் வலுக்கும் என்று பிள்ளைகள் நினைப்பது இயல்பு. ஒரு தையலின் நீளம் 2.5 முதல் 3 மி.மீ இருக்க வேண்டும். அதைவிட மிகக் குறைத்தால் ஊசித் துளைகள் அடுத்தடுத்து விழுந்து, தபால்தலையின் ஓரம் மாதிரி துணி அந்த வரியிலேயே கிழியும். அந்த இடத்தில் ஆறேழு மடிப்புத் துணி சேர்கிறது. 14-ஆம் எண் ஊசி ஒடியும், 16 வேண்டும், சக்கரத்தைக் கையால் சுற்றித்தான் கடக்க வேண்டும். பருத்தி நூலைவிட பாலியஸ்டர் நூல் நீடிக்கும். இதையெல்லாம் சொல்லிக் கொடுக்கலாம்தான். ஆனால் ஒடிந்த ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிற பிள்ளைக்கு மறுமுறை சொல்ல வேண்டியிருக்காது.

சுமைச் சோதனைக்கு ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் ஆறு. பத்து நிமிடம் தொங்கவிட்டு, பிறகு 20 தடவை வெடுக்கென்று தூக்கி இறக்க வேண்டும். சும்மா தொங்கும் பை தாங்கிவிடும், வெடுக்கென்று தூக்கும்போதுதான் குட்டு வெளிப்படும். மாணவர்கள் தைத்த பைகளில் ஐந்தில் ஒன்று முதல் தடவை தோற்றது. பிரித்து மறுபடி தைத்தார்கள். வீட்டிலிருந்து வந்தவற்றில் தோற்றவையும் இருந்தன. எங்கே தவறு என்று கேட்டபோது பிள்ளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

இப்போது சொல்லப்போவதை வருத்தத்தோடுதான் சொல்ல வேண்டியிருக்கிறது. ஒரு குழுவின் மேசையில் 14 பைகள் துணியே அல்ல. கடையில் மொத்தமாகக் கிடைக்கிற நான்-வோவன் (நெய்யப்படாத) பைகள். பார்க்கத் துணி போலிருக்கும், உண்மையில் பாலிபுரோப்பிலீன் என்கிற பிளாஸ்டிக். கண்டுபிடிப்பது எளிது: ஓரத்தைப் பிய்த்துப் பாருங்கள், நெய்த துணியானால் நூல் நூலாக வரும், இது பஞ்சு போலப் பிரியும். அந்தப் பைகளில் "100% பருத்தி, நாங்களே தைத்தது" என்ற அட்டை கட்டியிருந்தது. அட்டையில் கையெழுத்துப் போட்டிருந்தவர்கள் பதின்மூன்று, பதினான்கு வயதுப் பிள்ளைகள். இது உதவி அல்ல. வாங்கியவர்களை ஏமாற்றிய செயல். அதைவிட மோசமாக, அந்த ஏமாற்றுக்குப் பிள்ளைகளின் பெயரைக் கொடுத்த செயல். வாங்கிய அனைவருக்கும் பணம் திருப்பித் தரப்பட்டுவிட்டது. இன்னொரு முறை நடந்தால் அந்தக் குழுவின் மேசை அன்றே மூடப்படும். இதில் பேச்சுவார்த்தைக்கு இடமில்லை.

நான்-வோவன் பை கெட்ட பொருள் என்று நாங்கள் சொல்ல வரவில்லை. பிரிட்டனின் சுற்றுச்சூழல் முகமை 2011-இல் வெளியிட்ட ஆய்வைப் பிள்ளைகள் வகுப்பில் படித்தார்கள். ஒரே தடவையில் தூக்கி எறியும் மெல்லிய பிளாஸ்டிக் பையோடு ஒப்பிட்டு, புவி வெப்பமாதல் கணக்கில் ஈடுகட்ட, நான்-வோவன் பை 11 தடவை பயன்பட்டால் போதும். பருத்திப் பை 131 தடவை பயன்பட வேண்டும். வாரத்துக்கு இரண்டு முறை கடைக்குப் போனால் ஒன்றேகால் வருடம். இதைப் படித்த பிறகு ஒரு குழு "சுற்றுச்சூழலுக்கு நல்லது" என்ற வரியைத் தன் அட்டையிலிருந்து எடுத்துவிட்டு, 131 கட்டம் போட்ட சிறு தாளைப் பையோடு கொடுத்தது. ஒவ்வொரு தடவைக்கும் ஒரு கட்டத்தை அடிக்கலாம். கைப்பிடி இருபதாவது தடவையில் பிய்ந்தால் அந்தப் பை பிளாஸ்டிக்கை விட மோசம் என்பது அந்தக் குழுவுக்குப் புரிந்துவிட்டது. பெருக்கல் குறித் தையலை அதன் பிறகு யாரும் அவர்களுக்கு ஞாபகப்படுத்த வேண்டியிருக்கவில்லை.

கணக்கு விஷயத்துக்கும் வருகிறேன். ஒரு பையின் அடக்கத்தை 100 பங்கு என்று வைத்துக்கொள்வோம். 12 பை தைத்து 2 கழிந்தால், மீதி 10 பையும் தலைக்கு 120 சுமக்கின்றன. கழிவைச் சேர்க்காமல் 115-க்கு விற்றால் ஒவ்வொரு பையிலும் 5 நஷ்டம். துணியை வீட்டில் வாங்கிக் கொடுத்து, கூலியையும் வீட்டிலேயே ஏற்றுக்கொண்டதால், மூன்று குழுக்களின் ஏட்டில் செலவுப் பக்கம் கிட்டத்தட்ட காலி. ஏடு லாபம் காட்டுகிறது. லாபம் வரவில்லை.

விற்பனையும் அப்படியே. ஒரு குழு விற்ற 35 பைகளில் 29 பை அந்தக் குழுவினரின் வீடுகளுக்கே போயிருக்கிறது. அறிக்கையில் "தேவை அதிகம், அடுத்த முறை 100 தைக்கலாம்" என்று எழுதியிருக்கிறார்கள். அத்தையும் சித்தப்பாவும் வாங்குவது பாசம், அதைச் சந்தை என்று எண்ணக் கூடாது. "இந்தப் பையை வாங்குவீர்களா?" என்று கேட்டால் பிள்ளைகள் முகத்துக்காக எல்லோரும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள். "கடைசியாகக் கடையில் பை கேட்டு வாங்கியது எப்போது, ஏன்?" என்று அறிமுகமில்லாத இருபது பேரிடம் கேட்டு வரச் சொன்னோம். ஒரே ஒரு குழு கேட்டு வந்தது. பெரும்பாலான பதில் ஒன்றுதான்: பை வீட்டில் நாலைந்து இருக்கிறது, போகும்போது கையில் இருப்பதில்லை. மடித்து வைக்கிற உள்பாக்கெட் யோசனை அங்கிருந்துதான் பிறந்தது.

அடுத்த பருவத்தில் என்ன செய்யப்போகிறோம்? இலக்கு குழுவுக்கு 12 பை, மொத்தம் 48. தையலுக்கு ஐந்து வாரம், பழுது பார்க்க ஒரு வாரம். 48 பைக்கு 88 செ.மீ வீதம் 24 துண்டு, 21 மீட்டருக்குச் சற்று மேல். சுருக்கத்துக்கும் சேர்த்து 23 மீட்டர் பள்ளியே வாங்கும், செலவு குழுக்களின் ஏட்டில் ஏறும். துணி பள்ளியை விட்டு வெளியே போகாது. வீட்டில் தைத்த பை எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் மேசையில் வைக்கப்படாது. குழுவினரின் குடும்பத்துக்குத் தலைக்கு ஒரு பை விற்கலாம், அதைத் தனிப் பக்கத்தில் எழுத வேண்டும்.

உங்களிடம் கேட்க வேண்டிய உதவியும் உண்டு, நிறையவே உண்டு. வீட்டில் மெஷின் இருந்தால் பழைய துணியில் நேர்க்கோடு தைக்கப் பழக்குங்கள். பாபினில் நூல் சுற்றவும், கீழ்நூல் சிக்கினால் எடுக்கவும் கற்றுக்கொடுங்கள். பையில் அச்சிடும் எழுத்தின் மை பிடிக்க, ஒரு நாள் காய்ந்த பிறகு துணியை உள்பக்கம் திருப்பி, நீராவி இல்லாத இஸ்திரிப் பெட்டியால் ஒவ்வொரு இடத்திலும் 3 முதல் 5 நிமிடம் சூடு கொடுக்க வேண்டும். இதைச் செய்யாத பைகளில் எழுத்து முதல் சலவையிலேயே மங்கிவிட்டது. சூடான பெட்டி பிள்ளைகள் கைக்கு வேண்டாம். அதற்குப் பெரியவர்கள் இரண்டு பேர் பள்ளிக்கு வந்தால் உதவியாக இருக்கும்.

கோணலாகத் தைத்த பையை உங்கள் பிள்ளை வீட்டுக்குக் கொண்டுவந்தால் தயவுசெய்து பிரித்துத் தைக்காதீர்கள். எங்கே கோணியது என்று மட்டும் கேளுங்கள்.

கடுமையாக எழுதிய இடங்களுக்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். விற்பனை நாளன்று மேசை நாற்காலி தூக்கியவர்கள், சில்லறை மாற்றித் தந்தவர்கள், மழையில் பந்தலைப் பிடித்துக்கொண்டு நின்றவர்கள், தங்கள் பிள்ளையின் குழு நாலே பை தைத்ததைப் பார்த்தும் ஒரு வார்த்தை பேசாமல் புன்னகையோடு நின்ற அந்தப் பெற்றோர் என எல்லோருக்கும் பள்ளியின் மனமார்ந்த நன்றி.

அடுத்த பருவத்தின் மூன்றாவது வெள்ளிக்கிழமை பிற்பகல் 3 மணிக்கு முதல் சுமைச் சோதனை. பார்க்க வரலாம். வரும்போது ஒரு லிட்டர் காலி பாட்டில் ஒன்று கொண்டுவாருங்கள். தண்ணீரைப் பள்ளியில் நிரப்பிக்கொள்ளலாம்.

அன்புடன்,
தலைமையாசிரியர்