உங்கம்மாவின் பழக்கூடை பற்றி

மஞ்சக்குப்பம், கடலூர்
ஆனி மாதம்

அன்புள்ள வசந்தி,

உன் முட்டி வலி தேவலையா? சின்னவனுக்கு காலேஜ் சீட் கிடைத்ததில் இங்கே எல்லோருக்கும் சந்தோஷம். எங்கள் வீட்டிலும் எல்லோரும் சௌக்கியம். மாடி வீட்டு அண்ணி இன்னும் உன்னை 'அந்தக் கொய்யாக்காரி' என்றுதான் விசாரிக்கிறாள். நலம் விசாரிப்பு இதோடு போதும். போனில் சொன்னால் பாதியிலேயே நீ அழ ஆரம்பித்துவிடுவாய், மீதியைச் சொல்ல விடமாட்டாய். அதனால்தான் எழுதுகிறேன். முழுசாகப் படித்துவிட்டு அப்புறம் கூப்பிடு.

நீ கேட்டபடி புதுப்பாளையம் போய் உங்கம்மாவைப் பார்த்தேன். "அழுகின பழத்தையெல்லாம் வெட்டித் தின்னுட்டிருக்காங்க, போய்க் கொஞ்சம் கண்டிச்சுட்டு வா" என்று சொன்னாயே, அதற்காகத்தான். கூடத்தில் உட்கார்ந்து பழக்கூடையைக் கொட்டி ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். நீ பயப்படுகிறதில் முக்கால்வாசி தேவையே இல்லாத பயம். மீதிக் கால்வாசியில், நீ நினைத்தே பார்க்காத ஒன்று இருக்கிறது. அதற்கு வருகிறேன்.

முதலில் வாழைப்பழம். போன தடவை நீ வந்தபோது கறுத்துப்போச்சு என்று குப்பையில் போட்டாயே ஒரு சீப்புப் பூவன், அதை அம்மா இன்னும் மறக்கவில்லை. அதை ஃபிரிட்ஜில் வைத்தது யார்? நீதான். 13 டிகிரிக்குக் கீழே குளிர்ந்தால் வாழைத்தோல் கறுத்துவிடும், உள்ளே சதைக்கு ஒன்றும் ஆகாது. வெளியே வைத்த பழத்தில் பழுப்புப் புள்ளி விழுந்தால் மாவெல்லாம் சர்க்கரையாகிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம், அப்போதுதான் அம்மாவுக்கு அது பழம். தோல் வெடித்து ஈரம் கசிகிறதா, காம்பில் பூசணம் பிடித்துச் சதை வரை இறங்கியிருக்கிறதா, அங்கேதான் பார்க்க வேண்டும். ரஸ்தாளி காம்பை விட்டு உதிர்வது அதன் குணம். அதைப் போய் அழுகல் என்று சொன்னால் அவங்களுக்குக் கோபம் வராதா?

மாம்பழத்தில் உங்கம்மாவிடம் நான் பாடமே கேட்டேன். தோலோடு நிற்கிற கறுப்புப் புள்ளி என்றால் தடிப்பாகச் சீவிவிட்டுச் சாப்பிடுகிறார்கள். காம்பைச் சுற்றி வளையம் போலக் கறுத்து, அழுத்தினால் விரல் உள்ளே இறங்குகிற பழத்தைத் தொடுவதே இல்லை, அந்த அழுகல் கொட்டை வரைக்கும் போயிருக்குமாம். தோலில் ஊசி குத்தினது போல ஒரு துளை, அதிலிருந்து சாறு கசிவு என்றால் உள்ளே ஈப்புழு. நேராகப் பக்கத்து வீட்டு மாட்டுக்குப் போகிறது. நீலம் மாம்பழத்தில் வண்டு இருப்பது கொட்டைக்குள்ளே. வெளியே சதை நன்றாக இருந்தால் கொட்டையைத் தூக்கிப் போட்டுவிட்டு பழத்தைச் சாப்பிடலாம். இதற்கெல்லாம் கண்ணும் விரலும் போதும். ஞாபகம் வைத்துக்கொள், இது பின்னால் முக்கியம்.

நீ அனுப்புகிற வீடியோக்களைத் தயவுசெய்து நிறுத்து. 2025 கோடையில் தர்ப்பூசணியில் சாய ஊசி போடுகிறார்கள் என்று பேச்சுக் கிளம்பி, வாங்க ஆளில்லாமல் விவசாயிகள் பட்ட பாடு கொஞ்சமா? அந்தச் சிவப்பு தக்காளியில் இருக்கிற அதே லைகோபீன், பழத்திலேயே ஊறுகிறது. கார்பைடு கல் விஷயம் மட்டும் நிஜம், அதில் நீ பயப்படுவது நியாயம். பழங்களைப் பழுக்கவைக்க அதைப் பயன்படுத்தத் தடை இருக்கிறது. அதில் ஆர்சனிக்கும் பாஸ்பரஸும் கலந்திருக்கலாம். எத்திலீன் வாயுவை அளவோடு பயன்படுத்தத்தான் அனுமதி. கல் வைத்த மாம்பழம் வெளியே ஒரே சீரான மஞ்சளாக இருக்கும், அறுத்தால் கொட்டைப் பக்கம் வெளுப்பும் புளிப்புமாக இருக்கும். அம்மா ஆனி பிறந்த பிறகுதான் கூடை கூடையாக வாங்குகிறார்கள். சித்திரை முதல் வாரத்தில் பளபளவென்று வருகிற பழத்தைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

சரி, அவங்க செய்வது எல்லாமே சரியா என்றால், இல்லை. இரண்டு விஷயத்தில் சண்டை போட்டேன். ஒன்று பூசணம். கமலா ஆரஞ்சில் நீலமாகப் பூத்திருந்தது. அந்தப் பக்கத்தை அறுத்துப் போட்டுவிட்டு மிச்சச் சுளையை வாயில் போடப் போனார்கள். பிடுங்கிவிட்டேன். ஆரஞ்சு, தக்காளி, திராட்சை மாதிரி நீர்ப்பிடிப்பான பழத்தில் பூசணத்தின் நூல் கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே ஓடியிருக்கும். பூத்தால் முழுசாக எறிவதுதான் வழி. திராட்சை மேல் சாம்பல் பூத்தது போல இருப்பது வேறு, அது பழத்தின் சொந்த மெழுகு, கழுவிச் சாப்பிடலாம். ஆப்பிளில் அழுகின இடத்தில் பாட்டுலின் என்று ஒரு நஞ்சு உண்டாகும், வேகவைத்தாலும் முழுசாகப் போகாது. சாறு விற்கிறவர்களுக்கே அதற்கு வரம்பு போட்டிருக்கிறார்கள்.

இன்னொன்று, உங்கம்மாவின் பிரியமான "அணில் கடிச்ச பழம்தாண்டி இனிக்கும்". கொய்யா மரத்தடியில் கிடப்பதைப் பொறுக்கி, கடித்த பக்கத்தை நறுக்கிவிட்டுத் தின்கிறார்கள். கடித்தது அணிலா வவ்வாலா என்று யார் கண்டது? 2018இல் கோழிக்கோட்டுப் பக்கம் நிபா வந்தபோது, பறவையோ விலங்கோ கடித்த பழத்தைச் சாப்பிடாதீர்கள் என்று சொன்னார்களே. "அது கேரளாவுல" என்றார்கள். வவ்வாலுக்கு எல்லைக்கோடு தெரியுமா என்று கேட்டேன். ரொம்ப நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "சரி, பல் பட்டதைத் தொடலை" என்றார்கள். உன்னிடம் இதுவரை இப்படி ஒத்துக்கொண்டிருக்கிறார்களா?

அடுத்தது உனக்குக் கோபம் வரும், வரட்டும். நீ போனில் ஆர்டர் செய்து அனுப்புகிறாயே நறுக்கின பழப் பெட்டி, அந்த வீட்டுக்குள் நுழைகிற பழத்தில் எனக்குப் பயம் தருவது அது ஒன்றுதான். நான் இருக்கும்போதே வந்தது. பையன் கேட்டில் மாட்டிவிட்டுப் போய்விட்டான். அம்மா கொல்லையில் இருந்தார்கள், மணி கேட்கவில்லை. வெயிலில் தொங்கிக்கொண்டிருந்த பெட்டியை நாங்கள் எடுக்கும்போது உள்ளே தண்ணீர் விட்டிருந்தது. தோல் முழுசாக இருக்கிற வரைக்கும் பழத்துக்கு அதுதான் காவல். கத்தி பட்டதும் தோல் மேல் இருக்கிற கிருமி, கத்தியில் இருக்கிற கிருமி எல்லாம் சதைக்குள் போய்விடும். பப்பாளி, தர்ப்பூசணி, முலாம்பழத்தில் புளிப்பு குறைவு, அதனால் கிருமி சட்டென்று பெருகும். நறுக்கினதை வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது, நம்ம ஊர் வெயிலில் ஒரு மணி நேரமே அதிகம். போன மாதம் எங்கள் நாத்தனார் மகள் வளைகாப்பில், காலையில் நறுக்கின பழத்தைப் பந்தி முடிகிற வரைக்கும் மேசையில் அப்படியே வைத்திருந்தார்கள். பார்க்க அழகாகத்தான் இருந்தது, வாசத்திலும் குறையில்லை. அன்று ராத்திரி குழந்தைகள் வாந்தி எடுத்ததை நான் பார்த்தேன். வயிற்றைக் கெடுக்கிற கிருமி பல சமயம் நிறத்தையும் மாற்றாது, வாசத்தையும் மாற்றாது. கறுத்த வாழைப்பழத்துக்குப் பயந்து இந்தப் பெட்டியை அனுப்புகிறாயே வசந்தி, இதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

இனி அந்த விஷயம்.

நானும் அம்மாவும் பண்ருட்டி ரோட்டில் பலாப்பழம் வாங்கப் போனோம். குவியலில் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தார்கள். முள் விரிந்து தட்டையாகியிருக்கிறதா என்று உள்ளங்கையால் தடவினார்கள். கணீரென்று கேட்டதைத் தள்ளிவிட்டு, மந்தமாகச் சத்தம் வந்ததை எடுத்தார்கள். விற்கிறவரே சிரித்துவிட்டார். உங்கள் கொல்லையில் நின்ற பலா மரம் 2011 டிசம்பர் 30இல் 'தானே' என்ற புயலில் சாய்ந்ததே, அதற்கப்புறமும் அந்தக் கை எதையும் மறக்கவில்லை. வீட்டுக்கு வந்து அறுத்தோம், தேன் மாதிரி இருந்தது.

ஆனால் ஒன்று எனக்கு உறுத்தியது. பழத்தைத் தட்டினார்கள், தடவினார்கள், மோந்து மட்டும் பார்க்கவில்லை. உனக்குத் தெரியும், நாம் பள்ளிக்கூடத்தில் படிக்கிற காலத்தில் தெருவே பழம் வாங்கிக்கொண்டு வந்து உங்கம்மா மூக்கடியில் நீட்டும். எந்தப் பழம் நாளைக்கு, எந்தப் பழம் நாளன்றைக்கு என்று காம்பை மோந்தே பிரித்து வைப்பார்கள்.

அடுத்த நாள் போனபோது மிச்சச் சுளை அடுப்படி மேடையில் கிண்ணத்தில் மூடியிருந்தது. மூடியைத் திறந்ததும் கள்ளு வாடை எனக்குத் தலையைத் தூக்கியது. சுளை கொழகொழவென்று நுரைத்திருந்தது. அம்மா ஒன்றை எடுத்து மூக்கருகே கொண்டுபோய், "நல்லாத்தானே இருக்கு" என்றார்கள். கிண்ணத்தை வாங்கிக் கீழே வைத்துவிட்டு நேராகக் கேட்டேன். முதலில் ஜலதோஷம் என்றார்கள். அன்று காலை பால் பொங்கி அடுப்பெல்லாம் தீய்ந்த கறை அப்படியே இருந்தது, அதைக் காட்டினேன். கொஞ்ச நேரம் முந்தானையை மடித்துக்கொண்டே இருந்தார்கள். அப்புறம், "மல்லிப்பூ கூடத் தெரியலடி. போன பொங்கலுக்கு முன்னாடியே போயிடுச்சு. வசந்திகிட்ட சொல்லாத, உடனே பெட்டியக் கட்டுன்னுவா" என்றார்கள்.

சொல்லத்தான் போகிறேன் என்று அவங்களிடம் சொல்லிவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். ஒளித்து எழுதவில்லை.

வயதானால் மோப்பம் மங்குவது சாதாரணம்தான். சளி, மூக்கில் சதை வளர்வது, கொரோனா, இவற்றாலும் போகலாம். சிலருக்கு நரம்பு சம்பந்தப்பட்ட நோயின் ஆரம்பமாகவும் இருக்கலாம். அதனால் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் காட்டாமல் விடக் கூடாது. பழத்தை விட எனக்குத் தூக்கம் கெடுவது காஸ் அடுப்பை நினைத்து. சமையல் காஸுக்குத் தனக்கென்று வாசம் கிடையாது, கசிந்தால் தெரியட்டும் என்றுதான் நாற்றத்தைச் சேர்க்கிறார்கள். தனியாக இருக்கிற வீட்டில் அந்த எச்சரிக்கை இத்தனை மாதமாக அவங்களுக்கு இல்லை. கசிந்தால் சத்தம் போடுகிற கருவி ஒன்றை வாங்கி அடுப்படியில் கீழ்ப்பக்கமாக மாட்டச் சொல்லிவிட்டேன், அந்த காஸ் காற்றை விடக் கனம், தரையோடுதான் தங்கும். ராத்திரி சிலிண்டர் வால்வை மூடுகிறார்களா என்று எதிர் வீட்டுப் பெண் பார்த்துக்கொள்கிறாள்.

பழத்துக்கும் வழி செய்தாகிவிட்டது. அறுத்த பலா உடனே ஃபிரிட்ஜுக்கு. மிச்சம் வைக்கிற கிண்ணத்தின் மேல் கிழமையை எழுதி ஒட்ட வேண்டும். பலாப்பழத்தை முழுசாக வாங்காமல் நாங்கள் இரண்டு வீடும் பங்கு போட்டுக்கொள்கிறோம். நுங்கு வாங்கினால் அன்றைக்கே தீர்த்துவிட வேண்டும், வழவழப்பு தட்டினால் வேண்டாம். சந்தேகம் வந்தால் எதிர் வீட்டுப் பெண்ணைக் கூப்பிட்டு மோந்து பார்க்கச் சொல்வது. இது அம்மாவுக்கு ரொம்பக் கஷ்டம். தெருவுக்கே மோந்து சொன்னவர்கள் இல்லையா? ஆனால் செய்கிறார்கள்.

உன்னிடம் நான் கேட்பது இதுதான். இதைக் காரணம் காட்டி அவங்களை உன் பன்னிரண்டாவது மாடி வீட்டுக்கு இழுத்துப் போகாதே. கண்ணும் கையும் காதும் நன்றாக இருக்கிறது, ஊர் பழகினது, நான் கூப்பிடு தூரத்தில் இருக்கிறேன். முடிந்தால் ஆடிக்கு முன்னால் ஒரு வாரம் வந்து இரு. வந்ததும் திட்டாதே. மூக்கைப் பற்றி அவங்களே பேச்செடுக்கட்டும்.

வியாழக்கிழமை டாக்டரிடம் அழைத்துப் போகிறேன். இங்கே சரியாகச் சொல்லாவிட்டால் புதுச்சேரி ஜிப்மருக்குப் போகலாம் என்றிருக்கிறேன், அம்மாவும் தலையாட்டியிருக்கிறார்கள். என்ன சொன்னாலும் அன்று ராத்திரியே போன் செய்கிறேன். அந்தப் பழப் பெட்டி ஆர்டரை மட்டும் இன்றைக்கே நிறுத்திவிடு.

உன்
கௌரி