விரல் நீளக் குஞ்சும் ஆறடித் தொட்டியும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த வண்ண மீன் கட்டுரை, ஜாகுவார் சிக்லிட் என்ற நன்னீர் மீனை யாரும் எளிதில் வளர்க்கலாம், எதையும் தின்னும், நோய் அண்டாது என்று அறிமுகப்படுத்தியிருந்தது. இவற்றில் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் அது எவ்வளவு பெரிதாகும் என்பதை ஒரு வரியில்கூடச் சொல்லாமல் விட்டது, ஒன்பது ஆண்டுகளாக அந்த மீனுடன் காலம் தள்ளும் எனக்கு உறுத்தலாக இருந்தது.

நிகராகுவாவின் மனாகுவா ஏரியின் பெயரால் 1867-இல் குந்தர் என்ற விலங்கியலாளர் பெயரிட்ட இம்மீனை, அந்த நாட்டவர் குவாபோட்டே என்று அழைத்து, தூண்டிலிட்டுப் பிடித்துச் சமைத்து உண்கிறார்கள். கடையில் விரல் நீளக் குஞ்சாக, பட்டை பட்டையான உடலுடன் சாதுவாக நீந்துவது, நன்கு வளர்த்தால் தொட்டியிலேயே 35 முதல் 40 செ.மீ. வரை நீண்டுவிடும், உடலின் பட்டைகளும் சிதறிக் கரும்புள்ளிகளாகிவிடும். இரண்டடித் தொட்டியில் அதனால் திரும்பக்கூட முடியாது. ஆறடி நீளமும் இரண்டடி அகலமும் இரண்டடி உயரமும் உள்ள தொட்டியில் ஏறத்தாழ 680 லிட்டர் நீர் பிடிக்கும் என்பதால், கண்ணாடியையும் மணலையும் சேர்க்காமலேயே 680 கிலோ எடையைத் தரை தாங்குமா என்பதை மீன் வாங்குவதற்கு முன்பே யோசிக்க வேண்டும். மீனின் கழிவிலிருந்து வரும் நச்சான அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றும் பாக்டீரியாக்கள் ஃபில்டரில் பெருகச் சில வாரங்கள் பிடிக்கும். அந்த நைட்ரேட்டோ தொட்டியிலேயே தேங்கும். வாரந்தோறும் நீரை மாற்றித்தான் அதைக் குறைக்க முடியும்.

குணத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். என் மீன் என்னை நன்கு அறியும். அறைக்குள் நுழைந்ததும் கண்ணாடியோரம் வந்து நிற்கும். ஆனால் தங்கள் நாளிதழை அகல விரித்துப் படிக்கத் தொடங்கினால், செவுள் மூடிகளை விரித்துக்கொண்டு அதன்மீது பாயும்! துணையாக ஒரு பெண் மீனை வாங்கி, இடையில் கண்ணாடித் தடுப்பு வைத்துப் பழக்கிவிட்டு, பொறுமையிழந்து ஒரு மாலை அந்தத் தடுப்பை எடுத்துவிட்டேன். விடிந்தபோது பெண் மீனின் செதில்கள் மணல்மீது கிடந்தன. அதுவோ ஹீட்டருக்குப் பின்னால் செத்து ஒதுங்கியிருந்தது. அவசரம் என்னுடையது, மீனைக் குறை சொல்வதற்கில்லை.

இரைக்காக உயிருள்ள தங்கமீன்களைப் போடும் பழக்கத்தையும் கட்டுரை பரிந்துரைத்திருந்தது. தங்கமீனின் உடலில் வைட்டமின் பி1-ஐச் சிதைக்கும் தயமினேஸ் என்ற நொதி இருப்பதால், தங்கமீனையே தொடர்ந்து தின்னும் மீனுக்கு அந்த வைட்டமின் குறைபாடு வரும். புது மீன்களோடு நோயும் தொட்டிக்குள் நுழையும். தரமான உருண்டைத் தீனியை ஜாகுவார் விரும்பியே உண்கிறது.

என்னை இக்கடிதம் எழுத வைத்த கவலை வேறொன்று. வளர்க்க இடமில்லாமல் போகும்போது பலர் இதை அருகிலுள்ள நீர்நிலையில் விட்டுவிடுகிறார்கள். ஃபுளோரிடாவின் கால்வாய்களில் இம்மீன் இன்று தானாகவே இனம் பெருக்கி வாழ்கிறது. ஆயிரக்கணக்கில் முட்டையிட்டு, தாயும் தந்தையும் சேர்ந்து குஞ்சுகளைக் காவல் காக்கும் வேட்டை மீன் ஒரு குளத்தில் நிலைகொண்டால், அங்குள்ள சிறுமீன்களின் கதி என்னவாகும்? வளர்க்க இயலாதவர் கடைக்காரரிடமோ பெரிய தொட்டி உள்ள வேறொருவரிடமோ அதை ஒப்படைக்கலாம்.

இனி எந்த வளர்ப்பு மீனைப் பற்றி எழுதினாலும், குஞ்சின் படத்துக்கு அருகிலேயே வளர்ந்த மீனின் நீளத்தையும் அதற்குத் தேவையான தொட்டியின் அளவையும் அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகன்