டியூப்லைட்டில் ஓடும் வளையங்களுக்கு வோல்டேஜ் காரணமல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் கேள்வி-பதில் பகுதியில் ஒரு வாசகர், புதிதாக மாட்டிய டியூப்லைட்டில் வெளிச்சம் பாம்பு மாதிரி நெளிகிறது, சில நேரம் வளையம் வளையமாக ஒரு முனையிலிருந்து இன்னொரு முனைக்கு நகர்கிறது, ஏன் என்று கேட்டிருந்தார். வீட்டுக்கு வரும் வோல்டேஜ் ஏறி இறங்குவதுதான் காரணம், ஸ்டெபிலைசர் வையுங்கள் என்று இரண்டே வரியில் பதில் சொல்லியிருந்தீர்கள். அவர் கடைக்குக் கிளம்புவதற்குள் இந்தக் கடிதம் அச்சேறினால் நல்லது.

வோல்டேஜ் ஏறி இறங்கினால் குழாய் முழுவதும் ஒன்றாகப் பிரகாசமாகும், ஒன்றாக மங்கும். இந்த முனையிலிருந்து அந்த முனை வரை ஓடுவது ஒரே மின்னோட்டம். அப்படியிருக்க, ஓரிடத்தில் பளிச்சென்றும் நாலு விரற்கடை தள்ளி மங்கலாகவும், அதற்கப்புறம் மறுபடி பளிச்சென்றும் எப்படித் தெரிய முடியும்? வெளியிலிருந்து வரும் மின்சாரத்தைக் குறைசொல்லி இதை விளக்க முடியாது. சமாசாரம் குழாய்க்குள் இருக்கும் வாயுவில் இருக்கிறது.

வேடிக்கை என்னவென்றால், நீங்கள் சொன்ன அதே விளக்கம் 160 ஆண்டுகளுக்கு முன்பே சொல்லப்பட்டு, சோதிக்கப்பட்டு, தள்ளுபடியும் ஆகிவிட்டது. 1857-ல் ஜெர்மனியின் பான் நகரில் ஹைன்ரிஷ் கைஸ்லர் என்ற கண்ணாடிக் கைவினைஞர், காற்றை வெகுவாக வெளியேற்றிய கண்ணாடிக் குழாய்களைச் செய்தார். இரண்டு முனையிலும் உலோகக் கம்பி, உள்ளே கொஞ்சூண்டு வாயு. ரும்கார்ஃப் சுருள் என்ற தூண்டு சுருளிலிருந்து உயர் மின்னழுத்தம் கொடுத்தால் குழாய் ஒளிரும். அந்த ஒளியில் குறுக்கே குறுக்கே பட்டைகள். ஒளிப்பட்டை, இருட்பட்டை, மறுபடி ஒளிப்பட்டை. அவை சில சமயம் அசையாமல் நிற்கும், சில சமயம் ஊர்ந்து போகும்.

ரும்கார்ஃப் சுருள் தொடர்ச்சியாக மின்சாரம் தராது. விட்டு விட்டுத்தான் தரும். ஆகவே பட்டைகளுக்கும் அந்த விட்டு விட்டு வரும் மின்சாரமே காரணம் என்று பலர் நினைத்தார்கள். நியாயமான சந்தேகம்தான். இதைச் சோதித்தவர் லண்டனில் ஒயின் வியாபாரம் செய்த ஜான் பீட்டர் காசியட். அவரிடம் 3,520 செல்கள் கொண்ட ஒரு நீர் மின்கல அடுக்கு இருந்தது. செம்பும் துத்தநாகமும், இடையில் வெறும் மழைத்தண்ணீர், ஒவ்வொன்றும் தனித்தனிக் கண்ணாடிப் பாத்திரத்தில். ஏறாமல் இறங்காமல் சீராக வரும் அந்த மின்சாரத்தைக் குழாய்க்குக் கொடுத்துப் பார்த்தார். பட்டைகள் அப்போதும் தெரிந்தன. உங்கள் பதிலுக்கு மறுப்பு அங்கேயே முடிந்துவிட்டது.

இந்த ஆராய்ச்சியில் இறங்கியவர்களில் பலர் தொழில் நடத்தியவர்கள். வாரன் டி லா ரூ காகிதமும் அச்சும் சார்ந்த குடும்பத் தொழிலில் இருந்தவர், கடித உறை செய்யும் இயந்திரத்தை வடிவமைத்தவர். பிரிட்டிஷ் இந்தியாவின் தபால்தலைகளைப் பல்லாண்டு காலம் அச்சடித்துத் தந்த டி லா ரூ நிறுவனம் அவருடைய அப்பா தொடங்கியது. நம் தாத்தாக்கள் நாக்கால் நனைத்து ஒட்டிய தலைகளின் லாபத்தில் கொஞ்சம் இந்தக் குழாய்களுக்கும் போயிருக்கும் என்று நினைத்துக்கொள்வேன். அவரும் ஹியூகோ முல்லர் என்ற வேதியியலாளரும் 1870-களில் 11,000 சில்வர் குளோரைடு செல்களை வரிசையாக இணைத்தார்கள். ஒன்று ஏறக்குறைய ஒரு வோல்ட். மொத்தம் 11,000 வோல்ட்டுக்கும் மேல், எல்லாம் சீரான நேர்மின்சாரம். அதைக் கொண்டு பட்டைகளைப் படமாகவே எடுத்தார்கள். இன்னொருவர் வில்லியம் ஸ்பாட்டிஸ்வுட், அரசாங்க அச்சகக் குடும்பம், பின்னாளில் ராயல் சொசைட்டியின் தலைவர். அவருக்காகச் செய்த தூண்டு சுருளில் சுற்றியிருந்த கம்பியின் நீளம் 280 மைல். 42 அங்குல நீளத்துக்குப் பொறி பாயும். ஓடும் பட்டைகளைக் கண்ணால் பிடிக்க முடியாததால் அவர் சுழலும் கண்ணாடியில் பார்த்தார். ஒரே சீராகத் தெரிந்த ஒளி, கண்ணாடியில் சாய்ந்த கோடுகளாகப் பிரிந்து விழுந்தது.

சரி, பட்டை ஏன் வருகிறது? எதிர்மின்முனையிலிருந்து கிளம்பும் எலெக்ட்ரானுக்கு வேகம் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கூடும். வழியில் வாயு அணுவின்மேல் மோதினாலும், போதிய ஆற்றல் சேரும்வரை பெரிதாக ஒன்றும் இழக்காது. ஒவ்வொரு அணுவுக்கும் ஓர் அளவு உண்டு. பாதரசத்துக்கு 4.9 எலெக்ட்ரான் வோல்ட் (அணு அளவிலான ஆற்றலை அளக்கும் அலகு இது), நியானுக்கு சுமார் 16.6. இதில் பாதரசத்தின் அளவை 1914-ல் ஃபிராங்க், ஹெர்ட்ஸ் இருவரும் சோதனையில் காட்டினார்கள். அந்த அளவைத் தொட்டதும் எலெக்ட்ரான் தன்னிடம் இருப்பதை அணுவிடம் கொடுத்துவிட்டு வெறுங்கையாக நிற்கும், அணு ஒளிரும். பிறகு முதலிலிருந்து சேர்க்க வேண்டும். கொடுத்த இடம் ஒளிப்பட்டை, சேர்க்கும் தூரம் இருட்பட்டை. உண்மையில் இதைவிடச் சிக்கலானது, ஆனால் அடிப்படை இதுதான்.

பட்டை நகர்வதற்குக் காரணம் அயனிகள், அதாவது எலெக்ட்ரானை இழந்த வாயு அணுக்கள். எலெக்ட்ரானோடு ஒப்பிட்டால் அவை மிக மந்தம். ஓரிடத்தில் அயனிகள் அதிகம் சேர்ந்தால் பக்கத்து இடத்தின் மின்புலம் மாறும், அதனால் பக்கத்தில் புதிதாக ஒரு பட்டை உருவாகும், பழையது மறையும். வாயு எங்கேயும் போகவில்லை, பட்டை மட்டும் அலையாகப் போகிறது. நியான், ஹீலியம் போன்ற மந்த வாயுக்களில் இது பெரும்பாலும் நேர்மின்முனையிலிருந்து எதிர்மின்முனைக்கு ஓடும், நொடிக்கு நூறு மீட்டர் என்ற கணக்கில். அந்த வேகத்தில் கண்ணுக்கு ஒரே வெளிச்சமாகத்தான் தெரியும். ஐசோடோப்பு ஆராய்ச்சிக்காக நோபல் பரிசு பெற்ற ஆஸ்டன், அதற்கு ஓராண்டு முன்பு, 1921-ல், நியானிலும் ஹீலியத்திலும் ஓடும் பட்டைகளைப் பற்றி கிகுச்சி என்பவருடன் சேர்ந்து கட்டுரை எழுதியிருக்கிறார். அமைதியாக எரிவதாக நாம் நம்பும் நியான் விளக்குக்குள் எந்நேரமும் இந்த ஓட்டம் நடக்கக்கூடும்.

இப்போது வாசகரின் டியூப்லைட்டுக்கு வருவோம். அவர் பார்த்தது இரண்டு விஷயம், பதிலில் இரண்டையும் ஒன்றாக்கிவிட்டீர்கள். பாம்பு மாதிரி நெளிவது புதுக் குழாய்களில் சகஜம். உள்ளே தங்கிவிட்ட துளி மாசுகளும், இன்னும் சீராகப் பரவாத பாதரச ஆவியும் செய்கிற வேலை அது. சில மணி நேரம் எரியவிட்டாலோ, ஒருமுறை அணைத்துப் போட்டாலோ பெரும்பாலும் அடங்கிவிடும். குளிர்காலத்தில் கொஞ்சம் கூடுதலாகத் தெரியும்.

வளையம் வளையமாக நகர்வதுதான் நான் மேலே சொன்ன பட்டை. இதில் குழாய்க்கு மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தித் தரும் சோக்குக்கும் பங்கு உண்டு, ஆனால் அதுவும் வோல்டேஜ் ஏறி இறங்குவதால் அல்ல. எலெக்ட்ரானிக் சோக் நொடிக்கு இருபதாயிரம் தடவைக்கு மேல் மின்னோட்டத்தின் திசையை மாற்றுவது. மந்தமான அயனிகளால் அதற்கு ஈடுகொடுக்க முடியாது. எனவே பட்டைகள் வேகமாக ஓடாமல் ஏறத்தாழ நின்ற இடத்திலேயே நிற்கும், அல்லது மெல்ல ஊரும். அதனால் கண்ணில் படும். ஒளியைக் குறைத்து எரித்தால் இன்னும் தெளிவாகத் தெரியும். விளம்பரப் பலகைகளின் நியான் குழாய்களிலும் எலெக்ட்ரானிக் டிரான்ஸ்ஃபார்மர் வந்தபின் முத்து கோத்தது போல இதே தோற்றம் வந்தது. இதற்குப் பொறியாளர்கள் கண்ட வழி எனக்கு மிகவும் பிடித்தது: மாறுமின்சாரத்தோடு துளியளவு நேர்மின்சாரத்தைக் கலந்துவிடுவார்கள். பட்டைகள் போய்விடாது. வேகமாக ஓடத் தொடங்கும், நமக்குத் தெரியாது, அவ்வளவுதான். அளவு மிஞ்சினால் பாதரசம் ஒரு முனையிலேயே போய்ச் சேர்ந்து மறுமுனை மங்கிப்போகும்.

ஆகவே அந்த வாசகர் செய்ய வேண்டியது, சில நாள் எரியவிட்டுப் பார்ப்பது. வளையங்கள் கண்ணை உறுத்தினால் வேறு ஒரு சோக்கை மாட்டிப் பார்க்கலாம். ஸ்டெபிலைசர் தேவையில்லை.

ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். பழைய டிவியின் உயர் மின்னழுத்த டிரான்ஸ்ஃபார்மர், பைக் இக்னிஷன் காயில் ஆகியவற்றைக் கொண்டு வீட்டிலேயே குழாயை ஒளிரவைக்கும் வீடியோக்களைப் பிள்ளைகள் பார்க்கிறார்கள். அழகாகத்தான் இருக்கிறது. மைக்ரோவேவ் அடுப்பின் டிரான்ஸ்ஃபார்மரைக் கழற்றி இதைச் செய்யும் வீடியோக்களும் உண்டு; அதைத் தொட்டால் பிழைப்பது அரிது. விளம்பரப் பலகை டிரான்ஸ்ஃபார்மர் 15,000 வோல்ட் வரை தரும், அதுவும் ஆளைக் கொல்லக்கூடியது. காற்று மிகமிகக் குறைவாக உள்ள குழாய் என்றால் எக்ஸ் கதிரும் வரும். 1895 நவம்பரில் ராண்ட்கன் அதைக் கண்டது இப்படிப்பட்ட குழாயில்தான். எடிசனின் உதவியாளர் கிளாரன்ஸ் டாலி எக்ஸ் கதிர்க் குழாய்களோடே வேலை செய்து, கைகளை இழந்து, 1904-ல் இறந்தார். பட்டைகளைப் பார்க்க ஆசைப்படும் மாணவர்கள் கல்லூரி ஆய்வகத்தில், ஆசிரியர் பக்கத்தில் இருக்கும்போது, மின்னிறக்கக் குழாயை ஓட்டிப் பார்க்கட்டும். பல கல்லூரிகளின் அலமாரியில் அது தூசி படிந்து கிடக்கிறது.

அடுத்த இதழில் திருத்தம் போடும்போது, பக்கம் இருந்தால் குழாயின் படம் ஒன்றும் சேர்த்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர்,
மன்னார்குடி