ரிஜிஸ்டரில் இல்லாத கட்டம்

அன்பு நண்பா,

உன் கடிதம் வந்து இரண்டு வாரம் ஆகிறது, மன்னித்துக்கொள். முழங்கால் வலி தேவலையா? பையனுக்கு வேலை கிடைத்ததில் எங்களுக்கும் சந்தோஷம். எனக்குத் தூக்கம் மட்டும் இன்னும் நைட் டியூட்டிக் கணக்கில்தான் வருகிறது.

புதிதாகச் சேர்ந்த நர்சுகளுக்கு நோயாளிகளின் உரிமைகள் பற்றி வகுப்பெடுக்கச் சொன்னார்கள். அதற்காகப் பழைய ரிஜிஸ்டரைத் தேடி எடுத்தேன். நம் மனநல வார்டில் யாரைக் கட்டிப்போட்டோம் என்று எழுதிவைப்போமே, அந்த நீள நோட்டு. கட்டிய நேரம், அவிழ்த்த நேரம், காரணம், கையெழுத்து. ஒரு பக்கத்தில் உன் கையெழுத்தும் என்னுடையதும் அடுத்தடுத்து இருக்கின்றன. காரணம்: 'முரண்டு'. முந்தைய பக்கத்திலும் அதே சொல்தான். அவிழ்த்த நேரம் பல வரிகளில் காலி.

அந்த ராத்திரி ஞாபகம் இருக்கிறதா? ஒரு நோயாளியை ஐந்து பேர் சேர்ந்து அமுக்கினோம். மணிக்கட்டைக் கட்டில் கம்பியோடு சேர்த்துக் கட்டியது நான். மறுநாள் காலை அவர் கத்தவில்லை, திட்டவில்லை. "ஜன்னலைத் திறங்கன்னுதானே சார் சொன்னேன்" என்றார். அதை எழுத நோட்டில் கட்டமே இல்லை.

கட்டினால் அதன் காரணத்தையும் விதத்தையும் நோயாளியின் கேஸ் ஷீட்டில் பதிய வேண்டும் என்று 1991-லேயே ஐ.நா. பொதுச்சபை ஏற்ற கோட்பாடுகளில் இருக்கிறது. எழுதிவிட்டால் கடமை முடிந்தது என்று நாம் எடுத்துக்கொண்டோம். 2006-இல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கை அப்படித் தப்பிக்க விடுவதில்லை. மனநோய் வந்ததால் ஒருவர் தன் விஷயத்தில் முடிவெடுக்கும் உரிமையை இழப்பதில்லை என்கிறது அதன் 12-ஆம் பிரிவு. முடிவெடுக்கத் திணறினால் கூட இருந்து உதவ வேண்டும், நாமே எடுத்துவிடக் கூடாது. அவருக்கு எது நல்லது என்று நமக்குத் தோன்றுவதைவிட, அவர் எதை விரும்புவார் என்பதே முக்கியம் என்று 2014-இல் அதற்கு விளக்கமும் வந்தது.

வகுப்பில் ஒரு பெண் கேட்டாள்: "கையில் கண்ணாடித் துண்டோடு நிற்பவரிடமும் விருப்பம் கேட்டுக்கொண்டிருக்க முடியுமா?" நியாயமான கேள்வி. அந்த நிமிஷத்தில் நானும் ஓடிப்போய்ப் பிடிக்கத்தான் செய்வேன். ஆனால் அந்த நோட்டில் கண்ணாடித் துண்டுகள் எத்தனை, ஜன்னல்கள் எத்தனை?

இப்போது சிலரிடம் தெளிவாக இருக்கும்போதே கேட்டு எழுதி வைத்துக்கொள்கிறோம்: எந்த மாத்திரை ஒத்துக்கொள்ளாது, யாரைக் கூப்பிட வேண்டும் என்றெல்லாம். ஓர் அம்மா ஒரே வரிதான் சொன்னார்: "பின்னால் வந்து தொடாதீர்கள்." அவரை நாம் எத்தனை தடவை பின்னாலிருந்து பிடித்திருப்போம்!

இத்தாலியில் பசாலியா என்றொரு டாக்டர். 1961-இல் கோரிட்சியா மனநல மருத்துவமனைக்குத் தலைவராகப் போன முதல் நாளே, கட்டிவைத்தவர்களின் ரிஜிஸ்டரைக் கையெழுத்துக்கு நீட்டினார்கள். போட மாட்டேன் என்று சொல்லிவிட்டார். 1978-இல் அந்த நாட்டில் மனநலக் காப்பகங்களை மூடச் சட்டமே வந்தது. நம் வார்டுக்கு அவர் வந்திருந்தால், புது டாக்டருக்கு வேலை தெரியவில்லை என்று கேன்டீனில் உட்கார்ந்து சிரித்திருப்போம்.

'நோயாளி என்ன சொன்னார்' என்று ஒரு கட்டம் சேர்க்கச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். பார்க்கலாம்.

அப்புறம் ஒன்று. அன்றைக்கு அந்த ஜன்னலைத் திறந்தோமா? எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை. உனக்குத் தெரிந்தால் எழுது.

உன் பழைய நைட் டியூட்டிக் கூட்டாளி