வீரா மறுபடி உறுமினான்

மஞ்சக்குப்பம், கடலூர்

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லாரும் நலம். மஸ்கட்டில் வெயில் ஏறியிருக்கும், தண்ணீர் நிறையக் குடி. வேளாவேளைக்குச் சாப்பிடு.

நம் நாய் வீரா விஷயமாகத்தான் எழுதுகிறேன். மாசி மகத்துக்கு அக்கா வந்திருந்தாள். தேவனாம்பட்டினம் தீர்த்தவாரிக்குக் கிளம்புகிற அவசரத்தில் பாப்பா தவழ்ந்துபோய் அவன் சோற்றுத் தட்டில் கை வைத்துவிட்டது. அவன் உறுமக்கூட இல்லை, நேராகப் பாய்ந்துவிட்டான். பல் படவில்லை, சட்டைக் கை மட்டும் கிழிந்தது. நாயை எங்கேயாவது விட்டுவிடுங்கள் என்று மாப்பிள்ளை அன்றைக்கே சொல்லிவிட்டார்.

நீ விட்டுப்போகும்போது நாலு மாதக் குட்டி. இப்போது ஒன்றேகால் வயது. ராஜபாளையம் அல்லவா, தெருவே நின்று பார்க்கிறது. ஆனால் கேட்டைத் திறந்தால் என்னை இடித்துத் தள்ளிக்கொண்டு முதலில் ஓடுவான். என் ஈசிசேரில் ஏறிப் படுப்பான், எழுப்பப் போனால் பல்லைக் காட்டுவான். ‘தான்தான் எஜமான்னு நினைச்சுக்கிட்டான், நாலு போடுங்க’ என்றார் பக்கத்துத் தெருக்காரர் ஒருவர். போட்டேன். உறுமும்போதெல்லாம் போட்டேன். பதினைந்தே நாளில் உறுமல் நின்றது. வழிக்கு வந்துவிட்டான் என்று அம்மாவிடம் பெருமையாகச் சொன்னேன்.

மாசி மகம் முடிந்த மறுநாளே கார் வைத்துப் புதுச்சேரி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கூட்டிப்போனோம். பார்த்த டாக்டர் பொண்ணுக்கு உன் வயதுதான் இருக்கும். ‘உறுமினப்ப அடிச்சீங்களா?’ என்றுதான் முதலில் கேட்டது. கிட்டே வராதே, பயமாக இருக்கிறது என்பதை நாய் உறுமித்தான் சொல்லுமாம். அடித்தால் உறுமல்தான் போகும், பயம் போகாது, பிறகு சொல்லாமல் கடிக்கும் என்றது. எஜமான் ஆகப் பார்க்கிறது என்பதெல்லாம் கூண்டில் அடைத்த ஓநாய்களைப் பார்த்துச் சொன்ன பழைய கதையாம். காட்டில் ஓநாய்க் கூட்டம் என்பது பெரும்பாலும் தாய் தகப்பனும் அவற்றின் பிள்ளைகளும்தான் என்று டேவிட் மெக் என்ற ஆராய்ச்சியாளர் 1999இல் எழுதியிருக்கிறாராம். இவனுக்கு விடலைப் பருவம், அவ்வளவுதான்.

இப்போது தட்டைப் பிடுங்குவதில்லை. அவன் சாப்பிடும்போது நாலடி தள்ளி நின்று, வேகவைத்த கோழித் துண்டு ஒன்றைப் போட்டுவிட்டு நகர்ந்துவிடுவேன். முதல் நாள் தட்டின் மேல் கவிந்துகொண்டு, கழுத்தை விறைத்து, வெள்ளைவிழி தெரியப் பார்த்தான். இருபது நாள் கழித்து என் செருப்புச் சத்தம் கேட்டதுமே சோற்றை விட்டுத் தலையைத் தூக்கி வாலை ஆட்டினான். உட்கார்ந்தால்தான் கேட் திறக்கும் என்பதும் தெரிந்துவிட்டது. ஈசிசேர் பக்கத்தில் அவனுக்கென்று ஒரு சாக்கு. பாப்பா வந்தால் அவனுக்குப் பின்கட்டில், கதவைச் சாத்திவிட்டுத்தான் சோறு. வெறிநாய்க்கடி ஊசியும் போட்டாயிற்று. யாருக்கும் கொடுக்க மாட்டேன், மாப்பிள்ளையிடமும் சொல்லிவிட்டேன்.

போன வாரம் காதைத் துடைக்கும்போது மெல்ல உறுமினான். கையை எடுத்துக்கொண்டேன். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

உன் நாய். நீ ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். தீபாவளிக்குப் பிறகு அம்மாவிடம்தான் பேசுகிறாய். என்னிடம் கொடுத்தால் ‘சரிப்பா’ என்று வைத்துவிடுகிறாய். வேலை விஷயமாக அம்மா ஏதோ சொன்னாள், நான் மேலே கேட்கவில்லை. சாப்பாட்டை மட்டும் விடாதே.

தம்பி, பத்தாவது படிக்கும்போது நீ எதிர்த்துப் பேசினாய் என்று கிணற்றடியில் பெல்ட்டால் அடித்தேனே. அதற்குப் பிறகு நீ எதிர்த்துப் பேசவே இல்லை. என் பிள்ளை தங்கம், வாயைத் திறக்க மாட்டான் என்று ஆபீஸ் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அந்தப் பொண்ணு பேசப் பேச எனக்குக் கிணற்றடிதான் கண்ணில் நின்றது. திரும்பி வரும்போது பெண்ணையாற்றுப் பாலம் தாண்டியும் அம்மாவிடம் ஒன்றும் பேச முடியவில்லை. நான் செய்தது தப்புடா.

வெள்ளிக்கிழமை உனக்கு லீவுதானே, காலையில் கூப்பிடு. வீராவைக் காட்டுகிறேன். கோபமாகப் பேசுவதென்றாலும் பேசு. நான் போனை வைக்க மாட்டேன்.

அன்புடன்,
அப்பா