மருமகனுக்கு ஹாவில் போஸ்டிங்

களக்காடு
ஐப்பசி மாதம்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் வந்து சேர்ந்தது. பட்டாளத்தில் இருக்கும் மருமகனுக்கு, அதான் உன் பையனுக்கு, பூட்டான் படையைப் பழக்க அங்கே ஹா பள்ளத்தாக்குக்குப் போஸ்டிங் என்று படித்ததும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. வீட்டில் சத்தமாக வாசித்துக் காட்டினேன். "அங்க குளிரு கொல்லுமே, கம்பளி எடுத்து வச்சாச்சா?" என்றுதான் இவள் முதலில் கேட்டாள். தங்கச்சியிடம் சொல்லிவிடு.

ஊர் நிலவரம் சொல்லிவிடுகிறேன். ஏத்தன் வாழை குலை தள்ளி நிற்கிறது. மலையடிவாரத்து வயல்களில் பன்றித் தொல்லை குறையவே இல்லை, ராத்திரி காவலுக்கு ஆள் போட வேண்டியிருக்கிறது. பச்சையாற்று அணைக்குத் தண்ணீர் வந்தால் பிசான நெல் சாகுபடி பார்க்கலாம் என்று எல்லோரும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். முட்டிவலி அப்படியேதான் இருக்கிறது. சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

"இன்னொரு நாட்டுப் பட்டாளத்துக்கு நம்ம பய போய் என்னத்தச் சொல்லிக் கொடுக்கப் போறான், அவங்கதான் கேப்பாங்களா?" என்று எழுதியிருந்தாய். நீயும் நானும் எத்தனையோ ரெக்ரூட்களைப் பழக்கியவர்கள். ஆனால் அவர்கள் நம் பையன்கள், சம்பளமும் கொடியும் நம்முடையவை. அந்நிய நாட்டுக்காரன் ஒருவன் போய் இன்னொரு நாட்டின் படையைத் திருத்தி அமைப்பது வேறு மாதிரி வேலை. அதை நினைத்தாலே எனக்கு டிலனாய்தான் முன்னால் வந்து நிற்பார்.

கதை உனக்குத் தெரிந்ததுதான். 1741இல் குளச்சலில் டச்சுக் கம்பெனிப் படையைத் திருவிதாங்கூர் ராஜா மார்த்தாண்ட வர்மா தோற்கடித்தார். பிடிபட்டவர்களில் ஒருவர் டிலனாய். நேற்றுவரை எதிரி. அவரிடமே ராஜா தன் மெய்க்காவல் வீரர்களில் கொஞ்சம் பேரைக் கொடுத்துப் பழக்கச் சொன்னார். அவர்கள் தேறியதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் பெரிய பொறுப்பு வந்தது. கடைசியில் மொத்தப் படைக்கும் தலைவராகி 'வலிய கப்பித்தான்', அதாவது பெரிய கேப்டன், ஆனார். ஒரு காலில் ஓலையும் மறு காலில் சீலைத்துணியும் கட்டி, 'ஓலைக்கால், சீலைக்கால்' என்று நடை பழக்கினார்கள் எனக் கன்னியாகுமரிப் பக்கத்துப் பெரியவர்கள் சொல்வார்கள். இடம் வலம் பிடிபடாத பையன்களோடு டிரில் ஸ்கொயரில் மல்லுக்கட்டிய நமக்கு இதன் அருமை புரியும். புலியூர்க்குறிச்சியில் உதயகிரிக் கோட்டையைக் கல்லால் எடுத்துக் கட்டி, உள்ளேயே பீரங்கி வார்க்கும் பட்டறையும் போட்டார்கள்.

இதில் ராஜாவின் பங்கைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். மிளகு வியாபாரத்தை அரசின் கையில் எடுத்து, அந்தப் பணத்தில் நிலையான படைக்குச் சம்பளம் கொடுத்தார். யாரோடு சண்டை, எதற்காகச் சண்டை என்பதை அவர்தான் முடிவு செய்தார். டிலனாய் கற்றுக்கொடுத்தது எப்படி என்பதை மட்டும். இரண்டு பேரும் அவரவர் இடத்தில் நின்றதால் அந்தப் படை நிமிர்ந்தது. நம் மதராஸ் ரெஜிமெண்டின் 9ஆவது பட்டாலியன் அந்தத் திருவிதாங்கூர்ப் படையின் வழியில் வந்ததுதானே. ஜூலை 31 அன்று குளச்சல் வெற்றித்தூணுக்கு இன்றைக்கும் பட்டாளம் மரியாதை செய்கிறது.

டிலனாய் ஊர் திரும்பவே இல்லை. ஏறக்குறைய 37 வருஷம் உழைத்து 1777இல் உதயகிரியிலேயே இறந்தார். கோட்டைக்குள் கூரையில்லாமல் நிற்கும் பழைய தேவாலயத்தில் கல்லறை இருக்கிறது, கல்லில் லத்தீனும் தமிழும் வெட்டியிருக்கிறார்கள். பக்கத்திலேயே மகனின் கல்லறை. அந்தப் பையன் காயம்பட்டது எங்கே தெரியுமா? இங்கே, நம்ம களக்காட்டுச் சண்டையில். 1765. நான் தினமும் நடந்து போகிற மண்ணில் ஒரு டச்சுக் கப்பித்தானின் இளம்பிள்ளை திருவிதாங்கூருக்காக அடிபட்டு விழுந்திருக்கிறான். அந்தக் கல்லின் முன்னால் நின்றபோது எனக்குப் பேச்சு வரவில்லை, மாப்பிள்ளை. சொந்தப் பிள்ளையையே அந்தப் படையில் நிறுத்திய மனிதன் சொன்னால் எந்தச் சிப்பாய் கேட்காமல் இருப்பான்?

அதே காலத்தில் நம் சீமையிலேயே இதற்கு நேர்மாறும் நடந்தது. மருதநாயகம் என்கிறார்களே, அந்தக் கான் சாகிபு மதுரையில் இங்கிலீஷ் கம்பெனியை எதிர்த்து நின்றபோது, அவரிடம் வேலை பார்த்த பிரெஞ்சுப் படைத்தலைவன் மார்ச்சந்துதான் 1764இல் அவரைப் பிடித்துக் கொடுத்த சதியில் முன்நின்றான். கூலிக்கு வந்தவனின் விசுவாசம் முற்றுகை நீண்டபோது கரைந்துவிட்டது.

அமெரிக்காவில் ஸ்டியூபன் என்று ஒரு பிரஷ்யக்காரர். சுதந்திரப் போர் நடக்கும்போது, 1778 பிப்ரவரியில், வாஷிங்டனின் படை தங்கியிருந்த வேலி ஃபோர்ஜ் முகாமுக்கு வந்தார். இங்கிலீஷ் சரியாகத் தெரியாது. முகாமில் எத்தனை ஆள், எத்தனை துப்பாக்கி என்று யாரிடமும் ஒழுங்கான கணக்கு இல்லை. சமையல் ஒரு பக்கம், கக்கூஸ் எதிர்ப்பக்கம் என்று முகாமையே மாற்றிப் போட்டார். நூறு பேர் அளவில் பொறுக்கி எடுத்து, தானே துப்பாக்கியைத் தூக்கி நின்று பழக்கினார். அவர்கள் தங்கள் தங்கள் படைப்பிரிவுக்குத் திரும்பிப்போய் மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். தன் ஊர்ச் சிப்பாய்க்கு உத்தரவு போட்டால் போதும், இந்த ஊர்க்காரனுக்கு 'ஏன்' என்பதையும் சொல்ல வேண்டும் என்று அவர் கண்டுகொண்டார். அதை மருமகன் மனதில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.

நம் காலத்துக் கதைகள்தான் நெஞ்சைக் கனக்க வைக்கின்றன. ஈராக்கில் இருந்த பட்டாளத்தை 2003இல் அமெரிக்கர்கள் ஒரே உத்தரவில் கலைத்துவிட்டு, புதிதாக ஒன்றைக் கட்டினார்கள். 2014இல் மொசூல் நகரம் விழுந்தது. அந்த வருஷக் கடைசியில் பிரதமரே நாடாளுமன்றத்தில், 50,000 சிப்பாய்கள் பெயரில் மட்டும் இருந்து சம்பளம் போய்க்கொண்டிருந்தது என்று சொன்னார். ரோல் கால் பொய் என்றால் ரைஃபிள் இருந்து என்ன பிரயோஜனம்? ஆப்கானிஸ்தானில் அமெரிக்கா 8,000 கோடி டாலருக்கு மேல் கொட்டியது. விமானமும் ஹெலிகாப்டரும் கொடுத்தார்கள், பழுது பார்க்க வெளிநாட்டு ஒப்பந்தக்காரர்கள். 2021இல் அவர்கள் கிளம்பியதும் இயந்திரங்கள் தரையில் நின்றுவிட்டன. அங்கே சிப்பாய்கள் சாகத் தயங்கினார்கள் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். ஆயிரக்கணக்கில் செத்தார்கள். ஒதுக்குப்புறக் காவல்நிலைகளில் குண்டும் சோறும் வராமல் கைவிடப்பட்டவர்கள் அவர்கள். அவர்களாலேயே ஓட்ட முடிகிற வண்டியை ஆலோசகர்கள் கட்டிக் கொடுக்கவில்லை.

நம் நாட்டுக்கும் இதில் அனுபவம் உண்டு. 1952இல் நேபாளம் கேட்டு நம் ராணுவக் குழு காத்மாண்டு போனது, அவர்கள் படையைச் சீரமைக்க. வருஷம் ஆக ஆக, இவர்கள் ஏன் இன்னும் இங்கே இருக்கிறார்கள் என்ற பேச்சு அங்கே வளர்ந்தது. 1970இல் திரும்பி வந்தார்கள். விருந்தாளி எப்போது எழுந்திருக்க வேண்டும் என்பதும் இந்த வேலையில் ஒரு பாடம்.

பூட்டானில் நம் பயிற்சிக் குழு 1962 முதல் ஹாவில் இருக்கிறது. அதன் பயனை 2003 டிசம்பரில் பார்த்தோம். தென்பூட்டான் காடுகளில் அசாம் தீவிரவாதிகள் போட்டிருந்த முகாம்களைப் பூட்டான் படையே அழித்தது. அவர்களுடைய மன்னரே முன்னால் நின்று நடத்தினார். பழக்கியது நம் ஆட்கள், சண்டை போட்டது அவர்கள். அப்படித்தான் இருக்க வேண்டும்.

மருமகனிடம் நான் சொன்னதாகச் சில விஷயம் சொல். போனதும் டிரில் ஸ்கொயருக்கு ஓடாமல் சிப்பாய்கள் சாப்பிடும் லங்கருக்குப் போய் அவர்களோடு உட்கார்ந்து சாப்பிடட்டும். அங்கே மிளகாயையும் சீஸையும் சேர்த்துக் குழம்பு வைப்பார்கள். நம்ம ஊர் நாக்குக்குக் காரம் ஒத்துப்போகும், சீஸ்தான் பழக வேண்டும். ஆயுத அறையான கோத்தில் ஆயுதம் எப்படி அடுக்கியிருக்கிறது, துப்பாக்கிக் குழாய் துடைக்கும் புல்த்ரூ கயிற்றில் எண்ணெய் இருக்கிறதா என்று பார்த்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும். அப்புறம், தப்பு செய்த சிப்பாயை அவனுடைய ஹவில்தார் எதிரிலேயே திட்டக் கூடாது. ஹவில்தாரைத் தனியே கூப்பிட்டுச் சொல்ல வேண்டும், அவர் சிப்பாயிடம் சொல்வார். முதல் வாரம் இவன் வகுப்பு எடுத்தால், அடுத்த வாரம் அந்த ஹவில்தார் எடுக்கட்டும், இவன் பின்வரிசையில் நிற்கட்டும். உஸ்தாத், அதாவது வாத்தியார், என்று இவனைக் கூப்பிடுவதை நிறுத்தி, தங்கள் ஆளை அப்படிக் கூப்பிட ஆரம்பித்தால் வேலை நடக்கிறது என்று அர்த்தம்.

அவன் கிளம்புமுன் ஒரு எட்டு இங்கே அனுப்பி வை. உதயகிரிக்கு நானே கூட்டிப் போகிறேன். அங்கிருந்து பத்மநாபபுரம் கிட்டத்தில்தான். நீயும் வந்தால் நல்லது, தங்கச்சியையும் அழைத்து வா.

நவம்பரில் பென்ஷனுக்கு லைஃப் சர்டிபிகேட் கொடுக்க மறந்துவிடாதே. போன தடவை உன் கைரேகை மெஷினில் விழாமல் அலைந்தாயே, இந்தத் தடவை கண்ணை வைத்துப் பதியலாமா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்.

அன்புடன்,
உன் பழைய பட்டாலியன் தோழன்