களஞ்சிய அறைக் கூரை: ஞாயிறு சிரமதானம்

வணக்கம் உறவுகளே. சனசமூக நிலையத்துக்குப் பின்னால் இருக்கிற களஞ்சிய அறையின் கூரையை வருகிற ஞாயிறு காலை 7 மணிக்குக் கழற்றுகிறோம். ஐப்பசி மழை தொடங்கினால் கதிரை, கிடாரம், பந்தல் துணி எல்லாம் நனைந்துவிடும். இனியும் தள்ளிப்போட முடியாது.

கூரையைத் தாங்கும் பனஞ்சலாகைகளைத் தட்டிப் பார்த்தோம், வைரம் அப்படியே இருக்கிறது. தெற்குச் சுவரோரம் இரண்டை மட்டும் கறையான் அரித்து, விரல் வைத்தாலே மாவாகக் கொட்டுகிறது. அவற்றை மாற்றினால் போதும்.

பழைய கூரைச் சீற் அஸ்பெஸ்ரஸ் என்பதால் தயவுசெய்து கவனம். அடித்து உடைக்க வேண்டாம். அதன் தூசு நுரையீரலில் தங்கிப் புற்றுநோய் வரை கொண்டுபோகும். துணி மாஸ்க் காணாது. தண்ணீர் அடித்து நனைத்து, ஆணியைக் கழற்றி, முழுச் சீற்றாகவே இறக்குவோம். ஏறுபவர்கள் பலகை போட்டு நிற்கவும், பழைய சீற் திடீரென்று முறியும். கோழிக்கூட்டுக்கு என்று துண்டு கேட்காதீர்கள், தரமாட்டோம். சிறுவர்களைக் கூட்டிவர வேண்டாம்.

புதிதாகத் தகரம்தான் போடுகிறோம். கிடுகு குளிர்ச்சி, எனக்கும் அதில்தான் ஆசை. ஆனால் திரும்பத் திரும்ப மேய ஆள் கிடைப்பதில்லை.

ஏணி, தண்ணீர்க் குழாய் உள்ளவர்கள் சனி பின்னேரம் கொண்டுவந்து தாருங்கள். வரக்கூடியவர்கள் இங்கே பெயர் போடுங்கள், சமையலுக்கு ஆள்கணக்கு வேண்டும்.